ரெண்டே ரெண்டு குட்டி

கொச்சி தோப்பும்படி துறைமுகம், விடியற்காலை நாலரை மணி. தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் ரத்தமும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதா, காலிலேயே விட்டுவிடுவதா என்று நான் யோசித்து நின்றபோது, மாமா ஒரு சுறாவின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். 2014 கோடை விடுமுறை. நாற்பது நாள் தங்கலுக்குப் போன படகு அன்றைக்குத்தான் கரை பிடித்திருந்தது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா என் கையில்.

எங்கள் ஊர்ப் படகுகள் எங்கள் ஊரில் கரையேறுவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கிற எட்டு ஊர்கள். வீடு இங்கே, படகு கொச்சியில். கல்யாணம், திருவிழா, சாவு என்றால்தான் ஆண்கள் ஊருக்கு வருவார்கள்.

அந்த நீளவால் சுறாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பு எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளத்துக்கு வால், அரிவாள் மாதிரி வளைந்து. கண் ஒரு ஆரஞ்சுப் பழம் அளவு, மேல்நோக்கிப் பார்த்தபடி. செத்த பிறகும் அது எதையோ அண்ணாந்து பார்ப்பதுபோலவே இருந்தது. ஆழத்தில் இருந்துகொண்டு மேலே நீந்துகிற மீன் கூட்டத்தின் நிழலைப் பார்ப்பதற்கான கண் அது என்று பிற்பாடு படித்தேன். வாலைச் சாட்டை மாதிரி வீசி மீனை அடித்து மயக்கித்தான் தின்னும். அதனால்தான் பல நேரம் தூண்டிலில் வாய் மாட்டுவதற்குப் பதிலாக வால் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கும் முள் வாலில்தான் இருந்தது.

ஏதோ ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு பெண், கையில் டேப்பும் நனையாத நோட்டுமாக மாமாவிடம் வந்து, "சேட்டா, குட்டி உண்டோ?" என்றாள். மாமா பதில் சொல்லாமல் வயிற்றைக் கீறினார். உள்ளேயிருந்து இரண்டு குட்டிகள் வழுக்கி விழுந்தன. பெரியதன் அச்சு. அதே வால், அதே கண். ஒவ்வொன்றும் வாலோடு சேர்த்து என் இடுப்பு உயரத்துக்கு மேல் இருந்தது.

"ரெண்டு. எப்பவும் ரெண்டுதான். எழுதிக்கோ," என்றார் மாமா.

அவள் எழுதிக்கொண்டாள். நான் முறுக்கு டப்பாவோடு நின்றேன். தரகர் ஏலத்துக்குக் கூப்பிட்டார்.

அந்தப் பெண்ணின் நோட்டில் இருந்த சேதிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய சில வருடங்கள் ஆயின. அந்த வகைச் சுறா பெண், குட்டி போடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு பேற்றுக்கு இரண்டு குட்டிதான். பக்கத்திலேயே அதே படகிலிருந்து இறக்கிப் போட்டிருந்த கேரை, அதாவது ஏற்றுமதிக்குப் போகும் பெரிய சூரை, இரண்டு மூன்று வயதில் முட்டையிடத் தொடங்கிவிடும், இடுவது லட்சக்கணக்கில். இரண்டும் ஒரே கயிற்றில், ஒரே மாதிரி முள்ளில் மாட்டி வந்தவை. ஒன்று வங்கியில் வட்டி வருகிற பணம், இன்னொன்று தாலிக்கொடி. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் செலவழித்தார்கள்.

இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. என் பள்ளிக்கூடச் செலவு, கல்லூரிச் செலவு, அக்கா கல்யாணம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவைதான். தூத்தூர்க்காரன் என்றாலே சுறாக்காரன் என்று அரபிக்கடல் முழுக்கப் பெயர். நீளக் கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் கட்டிக்கொண்டு லட்சத்தீவு தாண்டி, குஜராத் வரைக்கும், அந்தப்பக்கம் ஓமன் எல்லை வரை போவார்கள். திசைகாட்டும் கருவி வருவதற்கு முன்பே வானத்து மீனையும் நீவாட்டையும், அதாவது கடல் நீரோட்டத்தையும், வைத்துக் கணக்குப் போட்டவர்கள். கரையோரம் என்றால் கணியம்: எந்த மலை முகடு எந்தக் கோயில் கோபுரத்தோடு ஒன்றுசேர்ந்து தெரிகிறது என்பதுதான் இடத்தின் விலாசம். இந்தத் திறமையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். நானும் பேசுவேன். ஆனால் இந்தத் திறமைதான் அந்தச் சுறாவைத் தேடிப்பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பெருமை முழுசாகும்.

உலகக் கணக்கும் மோசம்தான். கரையை விட்டு விலகிப் பெருங்கடலில் திரிகிற சுறாக்களும் திருக்கைகளும் 1970-இலிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட 31 இனங்களில் 24 இனங்கள் அழிவின் ஆபத்தில். மாமா கடலுக்குப் போகத் தொடங்கியதும் அந்த எழுபதுகளில்தான். அந்த எண்ணை அவரிடம் படித்துக் காட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுபத்தொண்ணா? கொறைச்சுச் சொல்லியிருக்கான் மக்களே," என்றார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2001 ஜூலையில் இந்திய அரசு எல்லாச் சுறாக்களையும் எல்லாத் திருக்கைகளையும் ஒரே வீச்சில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஊர் முழுக்கப் புலி வேட்டைக்காரர்கள். கரையெங்கும் எதிர்ப்பு கிளம்ப, அந்த ஆண்டு டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. அந்தப் பத்தில் ஒன்று பாண்டிச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா. ஒரு தமிழ் ஊரின் பெயர் கொண்ட உயிரினம். இன்று அது அற்றே போயிருக்கலாம் என்ற குறிப்போடுதான் உலகப் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் வெளிநாட்டில் கூடிப் பேசினார்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கூட்டம் 2013-இல் பாங்காக்கில் நடந்தபோது, சுத்தியல் மாதிரித் தலை கொண்ட கொம்பன் சுறாக்கள் பட்டியலுக்குள் வந்தன. 2016-இல் ஜோகன்னஸ்பர்க், அங்கே எங்கள் நீளவால் சுறா. 2022-இல் பனாமா, அங்கே ஒரு சுறாக் குடும்பமே மொத்தமாக. இந்தியாவில் 2013-இல் பீலியை, அதாவது சுறாவின் துடுப்பை, மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது, முழுச் சுறாவாகத்தான் கரைக்கு வர வேண்டும் என்றார்கள். 2015 பிப்ரவரியில் சுறாப்பீலி ஏற்றுமதியே தடை.

தடை வந்த வாரம் மாமா போன் செய்தார். அவருக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை, குழப்பம்தான். "பீலியை வாங்கமாட்டானாம். சரி, வாங்க வேண்டாம். சுறா என்ன, பீலியைக் கழத்தி வச்சிட்டா தூண்டில்ல மாட்டும்?"

இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல விஞ்ஞானிகளுக்கு 2024 வரை பிடித்தது. உலகம் முழுக்கப் பீலி வெட்டுவதற்கு எதிரான சட்டங்கள் பல மடங்கு பெருகிய காலத்தில், மீன்பிடியில் சாகும் சுறாக்களின் எண்ணிக்கை குறைந்ததா என்று கணக்குப் பார்த்தார்கள். 2012-இல் குறைந்தது 7.6 கோடி. 2017-இல் 8 கோடி. கூடித்தான் இருக்கிறது. முழுச் சுறாவாகக் கொண்டுவா என்றதும் முழுச் சுறாவுக்கும் சந்தை பிடித்துக்கொண்டார்கள். இறைச்சி, எண்ணெய், தோல் என்று. மாமா ஐந்தாம் வகுப்பு. கடல் வேலையில் அவருக்கு இருந்தது ஒரே கணக்கு: கயிறு தண்ணீரில் கிடக்கும் வரை அது தன் வேலையைச் செய்யும்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு கடல் பரப்பில் சுறாப்பிடியையே நிறுத்தினால் சாவு குறைகிறது. நமக்குப் பக்கத்தில் மாலத்தீவு 2010 மார்ச்சில் அதைச் செய்தது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பாடம் கடுமையானது. 1980-களில் ஆழ்கடலில் ஒரு சிறிய சுறாவை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். இருட்டில் பச்சையாக மின்னும் கண், பெரும்பாலும் ஒரு பேற்றுக்கு ஒரே ஒரு குட்டி. இருபது வருடத்துக்குள் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிடிக்கச் சுறா இல்லை. அந்த எண்ணெய் போய்ச் சேர்ந்தது முகத்துக்குப் பூசும் கிரீமுக்கு. மாலத்தீவில் அது படுத்த சமயத்தில்தான் எங்கள் படகுகள் அதே இனத்தைத் தேடி ஆழத்துக்குக் கயிறு இறக்கின. பக்கத்து வீட்டுக் கிணறு வற்றியதைப் பார்த்த பிறகு நம் வீட்டில் மோட்டார் போட்டது மாதிரி.

மாலத்தீவுக்குத் தெற்கே இருக்கும் டீகோ கார்சியா தீவின் கதை வேறு. அது இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சுற்றி 2010-இல் பிரிட்டன் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மீன்பிடி தடை போட்டது. உலகத்தின் மிகப் பெரிய கடல் காப்பகங்களில் ஒன்று. எங்கள் ஊர்களில் அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். காப்பகம் என்றல்ல, படகு பிடிபடுகிற இடம் என்று. அங்கே பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடலில் சுறா பெருகட்டும் என்று மனதார நினைக்கிறவன்தான் நான். ஆனால் அந்தத் தீவுகளில் பிறந்து வளர்ந்த மக்களை 1960, 70-களில் மொத்தமாக வெளியேற்றி ராணுவத் தளம் கட்டிய பிறகு, அதைச் சுற்றிச் சுறாவுக்கு வேலி போட்டார்கள் என்பதும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பது சிரமம். சிரமப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்த கதை குஜராத்தில் நடந்தது. வேராவல் கரையில் புள்ளிபுள்ளியாய், பஸ் அளவுக்கு இருக்கும் பெருஞ்சுறாவைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஈரல் எண்ணெயைப் படகு மரத்துக்குப் பூசுவார்கள், தண்ணீர் ஏறாமலிருக்க. அந்தச் சுறா மனிதனைக் கடிக்காது. மிதக்கிற சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்கிற சாது. 2001-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தது மட்டும் போதவில்லை. 2004-இல் மொராரி பாபு என்கிற ராமாயணக் கதாகாலட்சேபக்காரர் மேடையேறி, இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், இவளையா வெட்டுவீர்கள் என்று கேட்டார். "வஹாலி", செல்ல மகள், என்று பெயரும் வைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மீனை விடுவிக்க வலையை அறுத்தால் வலைக்குப் பணம் என்று அரசு ஏற்பாடு செய்தது. பாசமும் பணமும் சேர்ந்ததும் கத்தி திசை மாறியது. இதுவரை 900-க்கும் மேற்பட்ட பெருஞ்சுறாக்களை அந்த மீனவர்களே வலையறுத்து விட்டிருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவது நமக்கும் தெரியாத வழக்கமா? எங்கள் கரையில் அதை யாரும் அப்படி வந்து சொல்லவில்லை. எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் அட்டவணை எண்ணைத்தான் சொன்னார்கள்.

பாட்டா, அதாவது தாத்தா, வீட்டில் கதவுக்கு மேலே ஒரு வேளாக் கொம்பு ஆணியடித்துக் கிடந்தது. வேளா என்றால் மூக்கு ரம்பம் மாதிரி நீண்டிருக்கும் மீன். சுறா மாதிரி உடம்பு, ஆனால் திருக்கை வம்சம். சின்ன வயதில் நாற்காலி போட்டு ஏறி அந்தப் பற்களை எண்ணுவேன். இடதுபக்கம் ஒன்று உடைந்திருக்கும். சங்கப் பாட்டில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வைத்துத் தெய்வமாக வணங்குவதைப் பள்ளியில் படித்தபோது, வாத்தியார் "சுறாவுக்குக் கொம்பு ஏதுடா" என்று சிரித்தார். எனக்குச் சந்தேகமே இல்லை, அது பாட்டா வீட்டுக் கதவுக்கு மேலே இருப்பதுதான். பாட்டாவுக்கு வேளா வலையைக் கிழிக்கிற தொல்லை. மாமா நாற்பது வருடத்தில் ஒரே ஒரு முறை உயிரோடு பார்த்தாராம். உலகில் உள்ள ஐந்து வகை வேளாவும் இன்று அழிவின் விளிம்பில். வீட்டைப் புதுப்பித்தபோது அந்தக் கொம்பு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமா இப்போது கடலுக்குப் போவதில்லை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அத்தை விடவில்லை. சாயங்காலம் தடுப்புச் சுவர்க் கல்லில் உட்கார்ந்து, வருகிற போகிற இளைஞர்களிடம் தொழில் பேசுவார். போன மாதம் நானும் போய் உட்கார்ந்தேன். சுறாவை விட்டுவிட்டுக் கேரையை மட்டும் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கியது.

"முள்ளுக்கு மேல என்ன கட்டுறோம்? சுறாவுக்குன்னா கம்பி கட்டுவோம். அது கடிச்சா அறாது. நைலான் கட்டினா சுறா கடிச்சு அறுத்துட்டுப் போயிரும், கேரை கெடக்கும். இது எங்களுக்குத் தெரியாதா? சுறா வேணும்னுதானே கம்பி கட்டினோம்."

இதே விஷயத்தைப் பெருங்கடல் தாண்டி ஆய்வு செய்து, கம்பி வேண்டாம், நைலான் போடுங்கள் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். எங்கள் தடுப்புச் சுவரில் அது இருந்திருக்கிறது. குட்டிகள் எந்த மாதம் எந்த ஆழத்தில் கிடக்கும், எந்தக் கடலடிப் பாறைப் பாரில் சினைச்சுறா ஒதுங்கும், உயிரோடு வந்தால் முள்ளை எப்படிக் கழற்றினால் பிழைக்கும் என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். பிடிப்பதற்காகச் சேர்த்து வைத்த அறிவு. விடுவதற்கும் அதே அறிவுதான் வேண்டும். அதை எழுதிக்கொள்ள நோட்டோடு வந்தது, எனக்குத் தெரிந்து, அந்தத் தோப்பும்படிப் பெண் மட்டும்தான். அவளும் குட்டி எத்தனை என்றுதான் கேட்டாள்.

நைலானுக்கு மாறினால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டேன். "முதலாளிக்கில்ல. பங்குக்காரனுக்கு," என்றார். சுறா வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் பங்கு போய்விடும். குஜராத்தில் வலைக்குக் கொடுத்த மாதிரி இங்கே அந்தப் பங்குக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம். பெரிய பணமில்லை.

இதற்கிடையே கன்னியாகுமரிக்குத் தெற்கே, மீன் கொழிக்கும் வாட்ஜ் பேங்க் திட்டையை ஒட்டிய கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் போராட்டம். 1976-இல் இலங்கையோடு உடன்படிக்கை போட்டு நமக்கென்று உறுதி செய்துகொண்ட திட்டை அது. மீனவனிடம் ஒரு சுறாவுக்குக் கணக்குக் கேட்டுவிட்டு, கடலடியையே தோண்ட ஏலம் விட்டால், அடுத்த முறை நாம் சுறாவைப் பற்றிப் பேசப் போகும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

போன வாரம் தங்கச்சி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். பால் ஊறும் என்பார்கள். மஞ்சள் போட்டு அவித்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிற தோலைச் சூட்டோடு உரித்து, முள் எடுத்து, பிழிந்து உதிர்த்து, சின்ன உள்ளியும் இஞ்சியும் பூண்டும் நிறையப் போட்டுத் தேங்காய்த் துருவலோடு வதக்கினால் சுறாப்புட்டு. அந்த வாசனைக்கு நான் இன்னும் அடிமைதான். அம்மா காலையிலேயே பையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

சாலையோரம் மீன் விற்கிற அக்காவிடம் போனேன். முழங்கை நீளத்தில் ஏழெட்டுச் சுறாக்கள், தலை இல்லாமல், ஐஸில் அடுக்கி வைத்திருந்தாள்.

"நல்ல பால்சுறா மக்களே. பேறுகாலத்துக்கா? எடுத்துக்கோ."

அவள் காலடியில் இருந்த கழிவுக் கூடையில் தலைகள் கிடந்தன. சுத்தியல் மாதிரி இரண்டு பக்கமும் நீண்டு, நுனியில் கண். கொம்பன் சுறாக் குட்டிகள். பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

"அக்கா, இது கொம்பனில்லியா?" என்றேன்.

அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தலைய வெட்டிட்டா எல்லாம் பால்சுறாதான்," என்று சிரித்தாள். கேலியாகச் சொன்னதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவளுக்கு விற்றாக வேண்டும்.

ஒரு கிலோ சாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, சுறா கிடைக்கலியா என்றாள். கிடைக்கவில்லை என்றேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "சந்தை முழுக்கச் சுறா கெடக்குன்னு இப்பதான் ஒருத்தன் சொல்லிட்டுப் போனான்," என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல், சாளையை எடுத்து ஆயத் தொடங்கினார்.